கருமணலும் என் வெள்ளை வண்டியும்



போன பதிவைப் படித்துவிட்டு, "சார், கொஞ்சம் சுருக்கமா எழுதக் கூடாதா?" என்று இரண்டு பேர் கேட்டிருந்தீர்கள். வகுப்பிலேயே மணி அடித்த பிறகும் பாடத்தை நிறுத்தத் தெரியாதவன் நான். இதுவும் நீளமான பதிவுதான். என் பழைய மாருதிக் காரின் பெயிண்டைப் பற்றியது. கடைசி வரை படியுங்கள். கடைசியில் உள்ள விஷயம் உங்களில் ஒரே ஒருவருக்கு உரியது.

பேத்தி பள்ளிக்கூடம் விட்டு வந்து, முற்றத்தில் நின்ற காரில் சாய்ந்து நின்றாள். உள்ளே வந்தபோது அவளுடைய நீலச் சீருடையின் முதுகெல்லாம் வெள்ளை.

"பாட்டா, வண்டிக்கு யாரு பவுடர் போட்டது?"

போய்க் கையால் தடவிப் பார்த்தேன். உள்ளங்கை முழுவதும் வெண்மையான தூசி. முப்பது வருடத்துக்கு மேல் சாக்பீஸ் பிடித்த கை இது. அந்தத் தூசியை எனக்குத் தெரியாதா? பெயிண்ட் தொழிலில் இருப்பவர்களும் இந்த நோய்க்கு 'சாக்கிங்' என்றுதான் பெயர் வைத்திருக்கிறார்கள் என்று பிறகு தெரிந்துகொண்டேன். சாக்பீஸ் மாதிரி பொடிந்து உதிர்வதால் அந்தப் பெயர்.

வண்டியை உங்களில் பலருக்குத் தெரியும். 1999-ஆம் வருட மாருதி 800, வெள்ளை நிறம். 2002-இல் சேமநல நிதியில் கடன் போட்டு, மார்த்தாண்டத்தில் ஒருவரிடம் பழைய வண்டியாக வாங்கினேன். பெட்ரோல் அடிக்கும்போதெல்லாம் கிலோமீட்டரைக் குறித்துவைக்கும் நோட்டு ஒன்று உண்டு. அதன் கணக்குப்படி இதுவரை 2,61,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. படிப்புதவித் தேர்வுக்கு நாகர்கோவில் போனபோது பின் சீட்டில் ஐந்து பேர் நெருக்கியடித்து உட்கார்ந்தது, காய்ச்சல் கண்ட பிள்ளையை ஆசாரிப்பள்ளம் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனது, எல்லாம் இந்த வண்டியில்தான். எஞ்சினை ஒருமுறை பிரித்து வேலை பார்த்திருக்கிறேன். பெயிண்டை மட்டும் திரும்பியே பார்த்ததில்லை.

வண்டிக்குக் கொட்டகையும் கிடையாது. ரப்பர் விளையின் ஓரத்தில், அயினி மரத்தடியில் நிற்கும். நம்ம குலசேகரத்தின் மழையைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. ஆனி ஆடியில் ஒரு மழை, ஐப்பசி கார்த்திகையில் இன்னொரு மழை. இரண்டுக்கும் நடுவில் சுள்ளென்று வெயில். சன்னல் ரப்பர் ஓரமெல்லாம் பச்சைப் பாசி. கூரையில் அயினிப் பால் சொட்டிக் காய்ந்த கறுப்புத் தடம். ரப்பர் காய் வெடிக்கும் காலத்தில் கொட்டை வந்து கூரையில் டொக்கு டொக்கென்று விழும்.

2024-இல் பதிவைப் புதுப்பிக்க வேண்டியிருந்தது. பதினைந்து வருடம் கழிந்த காருக்கு ஐந்து வருடத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். முன்பு 600 ரூபாயாக இருந்த கட்டணம் 2022 ஏப்ரல் முதல் 5,000 ரூபாய் ஆகியிருந்தது. மகன் ஃபோனில் சொன்னான், "அப்பா, அந்தப் பணத்தைப் போட்டு அந்தக் கோலத்துல ஒரு வண்டியா? எடைக்குப் போட்டிருங்க." ஒரு பட்டறையில் கேட்டேன். முழுக்கச் சுரண்டிப் புது பெயிண்ட் அடிக்க 35,000 ரூபாய் என்றார்கள். வண்டியை விற்றாலே அந்த விலை கிடைக்காது.

பிறகு வேறொரு பெயிண்டரிடம் காட்டினேன். வயதானவர். பேசாமல் பானெட்டில் ஒரு உள்ளங்கை அகலத்துக்குத் தண்ணீர் தொட்டுத் துடைத்தார். கொஞ்சம் காம்பவுண்டை எடுத்து, பழைய வேட்டித் துணியால் வட்டமாகத் தேய்த்தார். துணி வெள்ளையானது. தேய்த்த இடத்தில் அவருடைய முகம் தெரிந்தது.

"மாத்தி அடிக்காண்டாம் சாரே. இதுக்க மேல்தோலு மட்டும்தான் செத்துப் போச்சு. அடியில பெயிண்டு உசுரோட கிடக்கு."

மேல்தோல் ஏன் சாகிறது, அடியில் இருப்பது எப்படி உயிரோடு இருக்கிறது என்று எனக்கு ஒரே குறுகுறுப்பு. புத்தகங்களைத் தேடிப் படித்தேன். படித்துக்கொண்டே போனால், அந்த வெள்ளை என்னை நம்ம ஊரிலிருந்து தெற்கே கொண்டுபோய், மண்டைக்காட்டுக்கு அடுத்த மணவாளக்குறிச்சிக் கடற்கரையில் நிறுத்திவிட்டது.

மண்டைக்காட்டுக் கொடைக்குப் போனவர்கள் அந்தக் கடற்கரை மணலைப் பார்த்திருப்பீர்கள். அலை ஒதுக்கிய இடங்களில் கன்னங்கரேலென்று கிடக்கும். இடையே சிவப்பும் தெரியும். சின்ன வயதில் நான் அதை அழுக்கு என்று நினைத்தேன். கறுப்பு, இல்மனைட். சிவப்பு, கார்னெட். கூடவே சிர்கான், ரூட்டைல், மோனோசைட் என்று வேறு கனிமங்களும் உண்டு. மேற்குத் தொடர்ச்சி மலைப் பாறைகள் வெயிலிலும் மழையிலும் உதிர்ந்து, ஆற்றோடு கடலுக்குப் போய், அலை திரும்பக் கரையில் கொண்டுவந்து போட்டவை. எடை கூடிய மணல் கரையில் தங்கும், லேசான மணலை அலை இழுத்துக்கொண்டு போகும். லட்சக்கணக்கான வருடங்களாகக் கடல் முறத்தால் புடைத்துக்கொண்டே இருக்கிறது.

இந்த மணலின் மதிப்பு உலகத்துக்குத் தெரிந்த கதை வேடிக்கையானது. 1909-இல் ஷோம்பர்க் என்ற ஜெர்மானிய வேதியியலாளர், திருவிதாங்கூரிலிருந்து ஏற்றுமதியான தேங்காய்நார்க் கயிற்றில் ஒட்டியிருந்த மணலைச் சோதித்தார். அதில் மோனோசைட் இருந்தது. மோனோசைட்டில் தோரியம் உண்டு. அந்தக் காலத்தில் எரிவாயு விளக்கின் மேண்டிலுக்குத் தோரியம் வேண்டும். கோவில் கொடையிலும் கல்யாண வீட்டிலும் பெட்ரோமாக்ஸ் விளக்குக்குள் பளீரென்று எரியுமே, அதே வகை மேண்டில்தான். மணல் எங்கிருந்து வந்தது என்று தேடிக்கொண்டு அவர் மணவாளக்குறிச்சிக்கே வந்து, 1910-ஐ ஒட்டி ஓர் ஆலையும் போட்டார். முதல் உலகப் போர் வந்ததும், ஜெர்மன் தொடர்பைக் காரணம் காட்டி அவரைக் கைது செய்துவிட்டார்கள்.

அவர் தேடி வந்தது மோனோசைட்டை. மணலில் அதைவிட மிக அதிகமாகக் கிடந்தது கறுப்பு இல்மனைட். அன்றைக்கு அதற்குப் பெரிய விலை இல்லை. வேண்டியதைப் பிரித்து எடுத்தபின் மிஞ்சும் மணல், அவ்வளவுதான்.

அதன் காலம் சீக்கிரமே வந்தது. அதுவரை உலகத்தில் வெள்ளைப் பெயிண்ட் என்றால் பெரும்பாலும் ஈயத்தில் செய்த வெள்ளை, அல்லது துத்தநாகத்தில் செய்த வெள்ளை. ஈய வெள்ளை நன்றாக மூடும், ஆனால் விஷம். துத்தநாகத்துக்கு அவ்வளவு மூடும் திறன் இல்லை. முதல் உலகப் போர்க் காலத்தில் நார்வேயிலும் அமெரிக்காவிலும், இல்மனைட்டிலிருந்து டைட்டானியம் டை ஆக்ஸைடு என்ற வெள்ளைப் பொடியை ஆலைகளில் தயாரிக்கத் தொடங்கினார்கள். இல்மனைட்டில் டைட்டானியத்தோடு இரும்பும் இருக்கிறது. கறுப்புக்குக் காரணம் அந்த இரும்பு. கந்தக அமிலத்தில் கரைத்து, இரும்பைப் பிரித்து, மிஞ்சியதைச் சூளையில் சுட்டால் கண்ணைக் கூசும் வெள்ளை. கறுப்பு மணலுக்குள் அத்தனை வெள்ளை இருக்கிறது என்று பார்த்தால் யாராவது சொல்வார்களா?

இரண்டாம் உலகப் போருக்கு முந்தைய வருடங்களில் உலகத்துக்கு வேண்டிய இல்மனைட்டில் பெரும்பகுதி திருவிதாங்கூர்க் கரையிலிருந்துதான் போனது. மணல் கறுப்பாகக் கப்பலேறிப் போகும், வெள்ளைப் பொடியாக வெளிநாட்டில் விலையாகும். நம் மண்ணிலேயே வெள்ளை செய்ய வேண்டும் என்று 1946-இல் திருவனந்தபுரத்தில் திருவிதாங்கூர் டைட்டானியம் நிறுவனம் தொடங்கப்பட்டது. திவான் சர் சி.பி. ராமசாமி ஐயர் காலம் அது. 1950-இல் இந்திய அருமணல் நிறுவனம் உருவானது. 1956 நவம்பர் 1-ஆம் தேதி கல்குளம், விளவங்கோடு, அகஸ்தீஸ்வரம், தோவாளை தாலுகாக்கள் தமிழ்நாட்டோடு இணைந்தபோது மணவாளக்குறிச்சி மணலும் நம்மோடு வந்தது. திருவனந்தபுரத்து ஆலை கேரளத்தில் நின்றுவிட்டது. 1963-இல் அருமணல் நிறுவனம் முழுக்க மத்திய அரசுடையதானது. நாம் ஐ.ஆர்.இ. என்றும் மணல் ஆலை என்றும் சொல்வது அதைத்தான்.

இந்த வெள்ளை சும்மா கிடைப்பதும் இல்லை. மணல் எடுப்பதால் கடல் ஊருக்குள் வருகிறது, மோனோசைட்டின் கதிரியக்கத்தால் உடம்புக்குக் கேடு வருகிறது என்று நம் கடலோர மக்கள் நீண்ட காலமாக எதிர்க்கிறார்கள். கரையில் குடியிருப்பவர்களுக்குத்தான் அதன் பயம் தெரியும். மலையோரத்தில் இருந்துகொண்டு நான் தீர்ப்புச் சொல்லக் கூடாது. ஆனால் என் வீட்டுச் சுவரிலும் காரிலும் இருக்கும் வெள்ளை, ஏதோ ஒரு கரையைத் தோண்டி எடுத்தது என்பதை மறக்காமல் இருக்கலாம்.

வெள்ளையின் கதை இது. அது காரில் ஏறிய கதை அடுத்தது.

ஆரம்பத்தில் காருக்கும் குதிரை வண்டிக்கும் ஒரே பெயிண்ட். எண்ணெய் கலந்த வார்னிஷைப் பூச்சுக்கு மேல் பூச்சாக அடித்து, ஒவ்வொன்றையும் காயவிட்டுத் தேய்த்து, ஒரு வண்டி முடிய வாரக்கணக்கில் ஆகும். ஹென்றி ஃபோர்டு 1914 முதல் 1925 வரை தம்முடைய மாடல் டி காரைக் கறுப்பு நிறத்தில் மட்டுமே விற்றார். சூட்டடுப்பில் காயவைத்த அந்தக் கறுப்பு பெயிண்ட் மலிவானது, நாள்பட உழைப்பது. ஆயிரக்கணக்கில் கார் செய்கிறவருக்கு வேறென்ன வேண்டும்?

முதல் உலகப் போர் முடிந்தபோது அமெரிக்காவின் டுபாண்ட் போன்ற நிறுவனங்களிடம் வெடிமருந்துக்கான நைட்ரோ செல்லுலோஸைச் செய்யும் வசதி ஏராளமாக மிஞ்சியிருந்தது. அதே பொருளிலிருந்து சீக்கிரம் காயும் காருக்கான லேக்கரை டுபாண்ட் உருவாக்கியது. பெயர் 'டூக்கோ'. ஜெனரல் மோட்டார்ஸின் ஓக்லாண்ட் கார் 1924 மாடலாக, நீல நிற டூக்கோ பூச்சோடு வந்தது. வாரங்களில் முடிந்த வேலை மணிக்கணக்கில் முடிந்தது. நம்மூர்ப் பட்டறைகளில் இன்றும் ஸ்பிரே பெயிண்டை 'டூக்கோ' என்று சொல்கிறவர்கள் உண்டு. நூறு வருடத்துக்கு முந்தைய ஒரு வியாபாரப் பெயர் நம் நாக்கில் பொதுப் பெயராகத் தங்கிவிட்டது. அந்த லேக்கர் காய்ந்ததும் மங்கலாகத்தான் இருக்கும். காம்பவுண்ட் போட்டுத் தேய்த்தால்தான் பளபளக்கும். பெயிண்டரின் கையில் இன்று இருக்கும் 'ரப்பிங்' வேலை அந்தக் காலத்துப் பழக்கம்.

அம்பாசிடரும் ஃபியட்டும் ஓடிய நாட்களில் சில வருடங்களுக்கு ஒருமுறை வண்டிக்குப் புது பெயிண்ட் அடிப்பது வீட்டுக்கு வெள்ளை அடிப்பது மாதிரி ஒரு சடங்கு. 1983 டிசம்பர் 14-ஆம் தேதி, டெல்லியில் ஹர்பால் சிங் என்பவருக்குப் பிரதமர் இந்திரா காந்தி முதல் மாருதி 800-இன் சாவியைக் கொடுத்தார். விலை 47,500 ரூபாய். அவர் இந்தியன் ஏர்லைன்ஸ் ஊழியர். குலுக்கலில் அவருக்கு அந்த முதல் வண்டி கிடைத்தது. இருந்த ஃபியட்டை விற்று அதை வாங்கினார். அந்தக் காரும் வெள்ளைதான். பதிவு எண் டிஐஏ 6479.

அவர் 2010-இல் காலமாகும்வரை அதை விற்கவே இல்லை. அதன்பின் அந்த வண்டி டெல்லியின் கிரீன் பார்க் பகுதியில் வெயிலிலும் மழையிலும் கிடந்து துருப்பிடித்தது. படங்கள் ஊடகங்களில் வந்தன. பிறகு மாருதி நிறுவனம் அதை எடுத்து, உள்ளும் புறமும் சரி செய்து, தன் தலைமை அலுவலகத்தில் காட்சிக்கு வைத்திருக்கிறது. படத்தில் பார்த்தேன். நேற்று ஆலையிலிருந்து வந்தது மாதிரி இருக்கிறது. 25 லட்சத்துக்கும் மேல் விற்று, ஒரு தலைமுறையின் முதல் காராக இருந்த வண்டி அது. 2014 ஜனவரியில் மாருதி 800-இன் உற்பத்தி நின்றது. அதே வருடம் மே மாதம் அம்பாசிடரும் நின்றது.

கார் ஆலையில் பெயிண்ட் அடிப்பது நம் பட்டறை வேலை மாதிரி அல்ல. உடலை முழுவதுமாகத் தொட்டியில் முக்கி, மின்சாரம் பாய்ச்சி, மூலைமுடுக்கெல்லாம் முதல் பூச்சை ஒட்டவைக்கிறார்கள். அதன்மேல் பிரைமர், அதன்மேல் நிறம். ஒவ்வொன்றையும் நூறு டிகிரிக்கும் மேலான சூட்டில் வேகவைக்கிறார்கள். எல்லாப் பூச்சும் சேர்ந்து ஒரு மில்லிமீட்டரில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு. நிறப் பூச்சு மட்டும் தலைமுடியின் பருமனைவிடக் குறைவு. அவ்வளவு மெல்லிய தோல்தான் வண்டியைத் துருவிலிருந்து காப்பாற்றுகிறது.

இனி என் குறுகுறுப்புக்கு விடை. டைட்டானியம் வெள்ளை ஒரு விசித்திரமான பொருள். வெயிலில் உள்ள புற ஊதாக் கதிரைத் தானே உறிஞ்சிக்கொண்டு, தனக்கு அடியில் இருப்பதைக் காப்பாற்றும். ஆனால் அப்படி உறிஞ்சும்போது, ஈரமும் காற்றும் சேர்ந்தால், தன்னைப் பிடித்து வைத்திருக்கும் பசையையே அது கொஞ்சம் கொஞ்சமாகச் சிதைக்கும். பசை போனதும் பொடி தனியே நிற்கும். தொட்டால் கையில் ஒட்டும். அனடேஸ் என்ற வகையில் இது அதிகம். அதனால்தான் வெளியில் நிற்கும் பொருட்களுக்கு ரூட்டைல் வகையை, அதுவும் மேலே ஒரு காப்புப் பூச்சு கொடுத்து, பயன்படுத்துகிறார்கள். அப்படியும் இருபத்தைந்து வருட வெயிலும் நம்மூர் ஈரமும் அதை விட்டுவைக்கவில்லை. பெயிண்டர் ஒரு வரியில் சொன்னதும் இதைத்தான். மேல்தோல் செத்துத்தான் அடியில் இருப்பதைக் காப்பாற்றியிருக்கிறது.

பெயிண்டர் சொல்லித் தர, நானே செய்வது என்று முடிவு செய்தேன். பதினோரு நாள் ஆனது. காலை ஏழு முதல் ஒன்பது வரை, நிழலில் மட்டும். செலவு 1,500 ரூபாய்க்குள். வீட்டில் பழைய வெள்ளை வண்டி வைத்திருப்பவர்களுக்காகச் செய்முறையைச் சொல்கிறேன்.

முதலில் வண்டியை நன்றாகக் கழுவ வேண்டும். மண் துகள் ஒன்று துணியில் மாட்டினாலும் அதுவே கீறும். பாசியைப் பழைய டூத் பிரஷால் எடுத்தேன். பிறகு கடையில் 'கிளே' என்று கிடைக்கும் களிமண் போன்ற கட்டியைச் சோப்புத் தண்ணீரில் வழுக்கவிட்டால், ஒட்டிய தூசியும் மரப்பாலும் அதில் ஏறிவிடும். பிறகு காம்பவுண்ட், அதற்குப் பிறகு மென்மையான பாலிஷ். ஒரு நேரத்தில் ஒரு சாண் இடம் மட்டும். கடைசியில் மெழுகு. கார்னோபா மெழுகு என்பது பிரேசில் நாட்டுப் பனை ஒன்றின் ஓலையில் படிவது. ஈரம் வெளியே போகாமல் அந்தப் பனை தன் ஓலைக்குப் பூசிக்கொள்கிறது. நாம் அதை மழை உள்ளே வராமல் இருக்கப் பூசுகிறோம்.

ஒரு எச்சரிக்கை. துணியில் வண்டியின் நிறம் ஒட்டினால் இந்த வைத்தியம் பலிக்கும். இப்போது வரும் மினுமினுப்பான நிற வண்டிகளில் மேலே நிறமில்லாத ஒரு பூச்சு தனியாக உண்டு. அது வெயில்பட்ட தோல் மாதிரி உரிய ஆரம்பித்துவிட்டால் எந்த பாலிஷும் உதவாது, திரும்ப அடிக்கத்தான் வேண்டும். இன்னொன்று, மண்ணெண்ணெய் தொட்டுத் துடைப்பது. நானும் வருடக்கணக்கில் செய்தேன். எண்ணெய் ஈரத்தில் இரண்டு நாள் பளபளக்கும், மூன்றாம் நாள் தூசி அப்பும்.

நான் செய்த தப்பையும் சொல்லிவிடுகிறேன். மூன்றாம் நாள் பானெட்டின் மடிப்பு ஓரத்தில், இன்னும் பளபளக்கட்டும் என்ற ஆசையில், அழுத்தித் தேய்த்துக்கொண்டே இருந்தேன். மடிப்பில் பெயிண்ட் எப்போதும் மெலிசாக இருக்கும். திடீரென்று சாம்பல் நிறம் தெரிந்தது. அது பிரைமர். பெயிண்டர் பார்த்துவிட்டு, "எடுக்கது லேசு சாரே, திரும்ப வைக்கதுதான் பாடு" என்றார்.

எட்டாம் நாள் இடப்பக்கப் பின்கதவுக்கு வந்தேன். இத்தனை நீளமாக எழுதியதே இந்தக் கதவைப் பற்றிச் சொல்வதற்குத்தான்.

அந்தக் கதவில் கைப்பிடிக்குக் கீழே, பிரஷால் அப்பிய பெயிண்ட் ஒரு விரல் தடிமனில் நீளமாக மஞ்சளித்துக் கிடந்தது. இருபது வருடம் முன்னால் ஒரு பட்டறையில் நான் அப்பச் சொன்னது. காம்பவுண்ட் பட்டதும் அது செதில் செதிலாக வந்துவிட்டது. அடியில் காம்பஸ் முனையால் கீறிய எழுத்து.

7 × 8 = 54

2004-ஆம் வருடம், ஐந்தாம் வகுப்பு. வாய்ப்பாடு ஒப்பித்துக்கொண்டிருந்தோம். ஒரு பையனை எழுப்பி ஏழெட்டு எத்தனை என்று கேட்டேன். ஐம்பத்துநாலு என்றான். இரண்டாம் தடவையும் ஐம்பத்துநாலு. அன்றைக்கு எனக்கு வேறு ஏதோ எரிச்சல். "உனக்க தலைக்குள்ள என்ன, மணலா கிடக்கு?" என்றேன். வகுப்பு முழுக்கச் சிரித்தது. நானும் சிரித்தேன். அவன் உட்காரவில்லை. உட்காரச் சொல்ல எனக்கும் தோன்றவில்லை. மணி அடிக்கும்வரை நின்றுகொண்டே இருந்தான்.

மறுநாள் சாயங்காலம் வண்டியில் இது இருந்தது.

யார் என்று எனக்குத் தெரியும். நான் விசாரிக்கவில்லை. "சார் எவ்வளவு பொறுமை" என்று கூட வேலை பார்த்தவர்கள் சொன்னார்கள். அது பொறுமை அல்ல. விசாரித்திருந்தால், தலைமையாசிரியர் முன்னால் நான் என்ன சொன்னேன் என்பதை அவனும் சொல்லியிருப்பான். அதனால்தான் பட்டறையில் கொண்டுபோய் பெயிண்டை அப்பி மறைத்தேன். எட்டாம் வகுப்போடு அவன் படிப்பை நிறுத்தினான். பால்வெட்டுக்குப் போனான் என்று கேள்வி. இப்போது வெளிநாட்டில் இருக்கிறான் என்றும் சொல்கிறார்கள். அவனுக்குக் கணக்கு வராமல் இல்லை. எட்டாம் வாய்ப்பாடு மட்டும்தான் வராது. அதை உட்காரவைத்துச் சொல்லிக் கொடுக்க எனக்குப் பத்து நிமிடம் போதும்.

மணல் என்று ஏதோ மட்டமான பொருளைச் சொல்வதாக நினைத்துத்தான் அன்றைக்குச் சொன்னேன். மணலைப் பற்றியும் எனக்கு ஒன்றும் தெரிந்திருக்கவில்லை.

பெயிண்டரிடம் கேட்டேன். "ஆழமா இறங்கிக் கிடக்கு. தேச்சா போகாது. பட்டி பார்த்து அந்தக் கதவை மட்டும் அடிச்சா மறைஞ்சிரும். செய்யட்டா சாரே?" என்றார்.

வேண்டாம் என்றேன். ஒருமுறை மறைத்தாயிற்று. இரண்டு இடத்தில் மட்டும் கீறல் தகரம்வரை போய்ச் செந்துரு கட்டியிருந்தது. அந்தத் துருவைச் சுரண்டி, பரவாமல் மருந்து வைத்து, நிறமில்லாத பூச்சு ஒரு சொட்டு விட்டோம். மீதிக் கதவை மற்ற கதவுகளைப் போலவே தேய்த்து மெழுகு போட்டேன். சுற்றிலும் பளபளக்க, நடுவில் அந்தக் கணக்கு முன்னைவிடத் தெளிவாகத் தெரிகிறது.

பதிவு புதுப்பித்தாயிற்று. சோதனைக்குப் போன இடத்தில் அதிகாரி வண்டியைச் சுற்றிப் பார்த்தார். அந்தக் கதவு வந்ததும் நின்றார். என்னைப் பார்த்தார். "வாத்தியாரா?" என்று மட்டும் கேட்டார். ஆமாம் என்றேன்.

நேற்று பேத்தி அந்த எழுத்தைப் பார்த்துவிட்டாள். "பாட்டா, இது தப்பு. ஐம்பத்தாறு" என்றாள். "ஆமா மக்களே, தப்புதான். பாட்டாதான் தப்பு" என்றேன். அவளுக்குப் புரியவில்லை. பெரியவளானதும் சொல்ல வேண்டும்.

தம்பி, நீ இதைப் படிப்பாயா என்று தெரியாது. உன்னோடு படித்த யாராவது படித்தால், பெயரை இங்கே கீழே எழுத வேண்டாம், அவனிடம் மட்டும் சொல்லுங்கள். ஊருக்கு வரும்போது வீட்டுக்கு வா. அயினி மரத்தடியில் வண்டி நிற்கும். கீறலுக்காக இல்லை, வா. அன்றைக்கு மணி அடிக்கும்வரை உன்னை நிற்கவைத்ததற்காக நான் உன்னிடம் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும்.

அன்புடன்,
உங்கள் பழைய கணக்கு சார்,
குலசேகரம்